மலாயா கண்ட முதல் பொதுத் தேர்தல்

1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27-ஆம் தேதி மலாயா சமஷ்டியில் முதன்முதலாகப் பொதுத் தேர்தல் நடைபெற்றது. அந்நாடு அப்போது பிரிட்டிஷ் ஆதிக்கத்தில்தான் இருந்தது. சுதந்திரம் வருவதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகளும் ஒரு மாதமும் இருந்தன. வாக்கெடுப்பின் மூலம் நிரப்ப வேண்டிய ஸ்தானங்கள் 52. அவற்றுள் 51 ஸ்தானங்களைத் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் அமைந்த கூட்டணி கைப்பற்றியது. இவ்வளவும் சரித்திர நூல்கள் அனைத்திலும் காணக் கிடைக்கும் செய்தி. நாம் இங்கே பார்க்க விரும்புவது வேறொரு கணக்கு. அந்தத் தேர்தலில் வாக்களித்தவர் யார், வாக்களிக்கும் உரிமை இன்றி ஒதுங்கி நின்றவர் யார் என்பதே அந்தக் கணக்கு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் துறைமுகங்களிலும் உழைத்து வந்த தமிழர்களின் பிற்கால வாழ்வு பெரிதும் அதனைச் சார்ந்தே அமைந்தது. பிறந்த ஊரை விட்டு வேறு ராஜ்யங்களில் குடியிருக்கும் நமக்கு அது அயலார் கதையாகத் தோன்றாது.

மலாயா சமஷ்டி என்பது சுல்தான்கள் ஆண்ட ஒன்பது மலாய் ராஜ்யங்களும், பினாங்கு, மலாக்கா என்ற இரண்டு பிரிட்டிஷ் குடியேற்றங்களும் சேர்ந்தது. சிங்கப்பூர் அதில் சேரவில்லை. அங்கே அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தனியாக ஒரு தேர்தல் நடந்தது. சமஷ்டியின் ஜனத்தொகை ஏறத்தாழ 60 லட்சம். அதில் மலாய்க்காரர் சுமார் பாதி. சீனர் நூற்றுக்கு 37 பேர். இந்தியர் நூற்றுக்கு 11 பேர். இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து அங்கே நெருக்கடி நிலை அமுலில் இருந்தது. கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் காடுகளில் இருந்துகொண்டு போர் நடத்தினார்கள். காட்டோரம் குடியிருந்த சீனர்களில் ஏறக்குறைய 5 லட்சம் பேரை அரசாங்கம் முள்வேலி இட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றியிருந்தது. இத்தகைய நாட்டில் தேர்தல் நடத்துவது எளிய காரியமாக இருந்திருக்க முடியாது.

மலாயாவில் பிரஜா உரிமை என்ற பிரச்சினை எப்படி முளைத்தது என்பதை முதலில் கூறுவோம். யுத்தம் முடிந்து திரும்பி வந்த பிரிட்டிஷார் 1946-ஆம் ஆண்டில் 'மலாயா யூனியன்' என்ற ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். சுல்தான்களின் அதிகாரத்தைக் குறைத்து, அந்நாட்டில் பிறந்தவர்களுக்கும் நெடுங்காலம் வசித்தவர்களுக்கும் தாராளமாகப் பிரஜா உரிமை வழங்குவது அதன் அம்சம். மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். தம் சொந்த மண்ணில் தாமே சிறுபான்மையராகி விடுவோம் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டாயிற்று. அந்த எழுச்சியில் பிறந்ததுதான் அம்னோ என்று வழங்கும் ஐக்கிய மலாய் தேசிய ஸ்தாபனம். டத்தோ ஓன் பின் ஜாபர் அதன் முதல் தலைவர். யூனியன் திட்டத்தால் பயன் அடைய இருந்த சீனரும் இந்தியரும் அதனை ஆதரித்து உரக்கக் குரல் எழுப்பவில்லை. கேட்பாரும் இன்றி, தாங்குவாரும் இன்றி அத்திட்டம் விழுந்தது. 1948 பிப்ரவரியில் சமஷ்டி அமைந்தபோது பிரஜா உரிமையின் வாயில் மிகவும் குறுகிவிட்டது. அந்நாட்டில் பிறவாதவர், கடந்த 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். மலாய் அல்லது ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதாக உறுதி கூற வேண்டும். 1952-ல் இவ்விதிகள் சற்றே தளர்த்தப்பட்டன.

மேலே கூறிய மூன்று நிபந்தனைகளில் தமிழ்த் தொழிலாளியை உண்மையில் தடுத்து நிறுத்தியது எது? ஆண்டுக் கணக்கு அவருக்குப் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. தோட்டங்களுக்கு உதவி கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-லேயே நிறுத்திவிட்டது. ஆகவே 1955-ல் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பலர் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர்கள், அல்லது அங்கேயே பிறந்தவர்கள். மொழி ஒரு தடை என்பது உண்மை. லயத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் தமிழில் நான்கு எழுத்துப் படித்து, கங்காணியோடும் கிராணியோடும் தமிழிலேயே பேசி வாழ்ந்தவருக்கு மலாய் மொழி கடைத்தெரு அளவில்தான் பழக்கம். ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய தடை அந்த மூன்றாவது நிபந்தனை என்றே நாம் கருதுகிறோம். நிரந்தரமாகத் தங்குவேன் என்று கையெழுத்துப் போடுவதற்கு மனம் வேண்டும். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் ஒரு காணி வாங்க வேண்டும், பெண்ணுக்கு அங்கே வரன் பார்க்க வேண்டும், கடைசிக் காலத்தில் குலதெய்வத்தின் சந்நிதிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தவரிடம் அந்தக் கையெழுத்தை எதிர்பார்ப்பது எப்படி?

தலைவர்களின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946 ஆகஸ்டில் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜான் திவி. நம் நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே அவர் மலாயாவில் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். மலாயா இந்தியரின் தலைவர், இந்தியாவின் பிரதிநிதியாவது அந்நாளில் எவருக்கும் முரண்பாடாகத் தோன்றவில்லை. நேதாஜியின் படையில் சேர்ந்த ஒரு தலைமுறை, டில்லியையே தன் தலைநகராக எண்ணிப் பழகியிருந்தது. மறுபுறம், இந்திய அரசியல் சட்டத்தின் 8-ஆவது ஷரத்து வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியப் பிரதிநிதியிடம் பதிவு செய்துகொண்டு இந்தியப் பிரஜையாகலாம் என்றது. 9-ஆவது ஷரத்து, தாமாக முன்வந்து வேறு நாட்டின் பிரஜையானவர் இந்தியப் பிரஜையாக இருக்க முடியாது என்றது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளத்தான் வேண்டும். பிரதம மந்திரி நேரு வெளிநாட்டு இந்தியர்களுக்கு, தாம் வாழும் நாட்டோடு ஒன்றிவிடுங்கள் என்றே அறிவுரை கூறி வந்தார். அந்த அறிவுரை மேடைகளில் இருந்து லயங்களுக்கு வந்து சேர்வதற்கு நெடுநாள் பிடித்தது.

இனி தேர்தலுக்கு வருவோம். அதுவரை இருந்த சமஷ்டிச் சட்ட சபை முழுவதும் நியமன அங்கத்தினர்களால் ஆனது. புதிய சபையில் சபாநாயகர் நீங்கலாக 98 அங்கத்தினர்; அவர்களுள் 52 பேரை மட்டும் மக்கள் தேர்ந்தெடுப்பது என்று பிரிட்டிஷார் தீர்மானித்தார்கள். மற்ற ஸ்தானங்கள் உத்தியோகஸ்தர், ராஜ்யங்களின் பிரதிநிதிகள், வியாபாரம், சுரங்கம், தோட்டம், தொழிற்சங்கம் ஆகிய துறையினர், சிறு இனத்தவர் என்று பலருக்கும் பங்கிடப்பட்டன. 98 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 50 பேர் தேவை. அதாவது, 52-ல் 50 ஸ்தானங்களை வென்றால் ஒழிய எந்தக் கட்சியும் தன் சொந்தப் பலத்தில் ஆள முடியாது. கூட்டணியினர் இதைச் சுட்டிக்காட்டி, 60 ஸ்தானங்களையாவது தேர்தலுக்கு விடவேண்டும் என்றார்கள். துங்கு லண்டன் வரை போய் வாதாடினார். பயன் இல்லாமற் போகவே, 1954-ல் கூட்டணியினர் சபைகளிலிருந்தும் குழுக்களிலிருந்தும் விலகினார்கள். முடிவில் ஹைகமிஷனர் சர் டொனால்டு மக்கில்லிவ்ரேயுடன் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஹைகமிஷனர் தம் விருப்பப்படி நிரப்பும் ஏழு ஸ்தானங்களில் ஐந்தை, தேர்தலில் வென்ற கட்சியின் தலைவரைக் கலந்துகொண்டே நிரப்புவார் என்பது ஏற்பாடு. எண்ணிக்கையில் சிறிய சலுகைதான். எனினும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவரைக் கேட்டு ஹைகமிஷனர் நடக்க வேண்டும் என்ற கொள்கை அதன் மூலம் நிலைபெற்றது.

வாக்காளர் ஜாபிதா தயாரானபோதுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. ஜாபிதாவில் ஏறி இருந்தவர் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். 11 பேர் சீனர். இந்தியரும் பிறரும் சேர்ந்து நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நாட்டில் பாதியாக இருந்த ஓர் இனம் வாக்காளரில் ஆறில் ஐந்து பங்காயிற்று. 52 தொகுதிகளில் 50-ல் மலாய் வாக்காளரே பெரும்பான்மையினர். ஏறத்தாழ ஏழு லட்சம் இந்தியர் வாழ்ந்த நாட்டில், எந்த ஒரு தொகுதியிலும் இந்திய வாக்குகளால் மட்டும் ஒருவர் வெற்றி பெற வழி இல்லை.

நம் நாட்டிலும் 1946-ல் நடந்த மாகாணத் தேர்தல்களில், சொத்தும் படிப்பும் வரியும் பார்த்தே வாக்குரிமை கொடுக்கப்பட்டது. அந்த வரையறைக்குட்பட்ட சபைகளிலிருந்தே அரசியல் நிர்ணய சபை உருவாயிற்று. பிறகு 1951-52 தேர்தலில் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது, தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் எழுதிக்கொண்ட பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெயர் எழுதும் இடத்தில் இன்றும் நம்மவருக்கு ஒரு மயக்கம் உண்டு. ஊரில் வீடு இருக்கிறதே, வாக்கும் அங்கேதானே என்று கேட்பவர்களை டில்லியிலும் பம்பாயிலும் நாம் சந்தித்திருக்கிறோம். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது. ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவர் பெயர் பதிவாக வேண்டும். ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற காரணம் ஒன்றினாலேயே அவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். மலாயாத் தமிழர் முன் நின்ற கேள்வி இதைப் போன்றதே. அவர்களுக்கு அது கடலைக் கடந்து நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிப்பட்ட ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மலாய்க் கட்சி என்ன செய்திருக்கலாம்? மற்ற இனத்தாரை அறவே ஒதுக்கிவிட்டுத் தனித்து நின்றிருக்கலாம். அம்னோவில் ஒரு சாரார், ஸ்தானங்களில் பத்தில் ஒன்பது பங்கு மலாய் அபேட்சகர்களுக்கே வேண்டும் என்று வற்புறுத்தவும் செய்தார்கள். துங்கு அதற்கு இணங்கவில்லை. தலைமையைத் துறக்கவும் தயார் என்றார். கூட்டணியின் வரலாறு அவருக்கு நினைவிருந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகரசபைத் தேர்தலில் அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் கைகோத்துக்கொண்டு 12 ஸ்தானங்களில் 9-ஐ வென்றன. அன்று தற்செயலாக நேர்ந்த உறவே நாட்டளவில் விரிந்தது. மலாயா இந்தியர் காங்கிரஸ் 1954-ல் அதில் சேர்ந்துகொண்டது. முடிவில் 52 அபேட்சகர்களில் 35 பேர் மலாய்க்காரர், 15 பேர் சீனர், 2 பேர் இந்தியர் என்று பங்கு அமைந்தது. வாக்காளர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் சீனருக்கு இது மிகத் தாராளமான பங்கு. இந்தியருக்கும் குறைவென்று சொல்ல முடியாது.

அந்த இருவரில் ஒருவர் வீ. தி. சம்பந்தன். பேராக் ராஜ்யத்தில் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1948-ல் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் கொல்லப்பட்டு நெருக்கடி நிலை தொடங்கியது இந்தச் சுங்கை சிப்புட்டில்தான். 1955-ல் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவரான அவர், கிந்தா உத்தாரா என்ற தொகுதியில் நின்றார். மற்றவர் செல்வசிங்கம் மக்கின்டயர். இலங்கைத் தமிழ் மரபினர், வக்கீல். ஜோகூர் ராஜ்யத்தின் பத்து பகாட் தொகுதியில் நின்ற அவர் பின்னாளில் டில்லியில் மலாயாவின் ஹைகமிஷனராக இருந்தார். இருவரும் பெருவெற்றி பெற்றார்கள். அவர்களுக்கு விழுந்த வாக்குகளில் தமிழர் வாக்குகள் சிறு பகுதியே. தம் மொழி அறியாத, தம் கோயிலுக்கு வராத கம்பத்து மலாய் விவசாயிகள், கூட்டணியின் படகுச் சின்னத்தைப் பார்த்து அவர்களுக்கு வாக்களித்தார்கள். இது பெருமைக்கு உரிய செய்தி. ஆனால் இதில் ஒரு கடனும் அடங்கியிருந்தது. பிறர் வாக்கினால் சபைக்கு வந்தவர், தம்மவருக்காகப் பேசும்போது குரலை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்தே தீரவேண்டும்.

எதிர்த்து நின்றவர்களுள் முக்கியமானவர் டத்தோ ஓன். அவர் கதை சோகமானது. மலாய்க்காரரை ஒன்றுதிரட்டிய அதே மனிதர், அம்னோவின் கதவை எல்லா இனத்தவருக்கும் திறக்க வேண்டும் என்று சொல்லி, கட்சி ஏற்காததால் 1951-ல் வெளியேறினார். பல இனத்தவர் சேர்ந்த கட்சி ஒன்றை ஆரம்பித்துப் பார்த்தார், தோற்றார். பிறகு 'பார்ட்டி நெகாரா' என்ற பெயரில் மலாய் உணர்ச்சியையே நாடினார். 1955-ல் ஜோகூர்பாருவில், தம் சொந்த மண்ணில், அவரும் தோற்றார்; அவர் கட்சி ஓர் ஸ்தானமும் பெறவில்லை. எல்லாரும் ஒரே கட்சியில் சேர வேண்டும் என்ற அவர் யோசனை தோற்றது. அவரவர் தத்தம் கட்சியில் இருந்துகொண்டு தலைவர்கள் மட்டும் ஒரே மேசையில் அமரலாம் என்ற துங்குவின் வழி வென்றது. எது உயர்ந்தது என்று இன்றும் வாதாடலாம்.

கூட்டணியின் விஞ்ஞாபனம் நான்கு ஆண்டுகளுக்குள் சுதந்திரம் என்று வாக்களித்தது. 'மெர்டேகா' என்பது அவர்களுடைய கோஷம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொற்களின் மூலத்தைத் துருவும் வழக்கம் உண்டு. இச்சொல் 'மஹர்த்திக' என்னும் வடசொல்லிலிருந்து கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்று உருமாறியது என்பர். நம் கப்பலும் கடையும் மலாய் மொழியில் 'கப்பால்' என்றும் 'கெடாய்' என்றும் வாழ்கின்றன. சொற்கள் குடியுரிமை பெறுவதற்கு மனு எதுவும் போடவேண்டியதில்லை.

வாக்காளரில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வந்து வாக்களித்தார்கள். விழுந்த வாக்குகளில் நூற்றுக்கு 81-க்கு மேல் கூட்டணிக்கே. பேராக்கில் கிரியான் என்ற ஒரு தொகுதி மட்டும் அகில மலாயா இஸ்லாமியக் கட்சிக்குப் போயிற்று. துங்கு முதல் மந்திரியானார். சம்பந்தன் தொழில் மந்திரியானார். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் முந்தின ஆண்டுதான் ஒன்றுபட்டு உருவாகியிருந்தது. ஆகவே அந்த இலாகா ஒரு தமிழரிடம் வந்தது பொருத்தமாகவே பட்டது.

அதற்குப் பிறகு காரியங்கள் விரைந்தன. 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் கெடா ராஜ்யத்தின் பாலிங் என்ற ஊரில் துங்கு கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தார். சமாதானம் ஏற்படவில்லை. எனினும், உள்நாட்டுப் பாதுகாப்பு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தின் கைக்கு வந்தால் போரை நிறுத்துவோம் என்று சின் பெங் சொன்ன வார்த்தையைத் துங்கு பத்திரமாக எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் லண்டனுக்குச் சென்றார். 51 ஸ்தானங்கள் அவர் பின்னால் இருந்தன. 1957 ஆகஸ்டுக்குள் சுதந்திரம் என்று அங்கே முடிவாயிற்று. அரசியல் சட்டத்தை வகுக்க ரீட் பிரபுவின் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது. அலகாபாத் ஹைகோர்ட்டில் பிரதம நீதிபதியாக இருந்த பி. மாலிக் அதில் ஓர் அங்கத்தினர்.

கமிஷன் முன் பிரஜா உரிமையே பெரிய வழக்கு. மண்ணில் பிறந்த அனைவருக்கும் உரிமை வேண்டும் என்றார்கள் இந்தியரும் சீனரும். மலாய்க்காரரின் விசேஷ நிலையும் மொழியும் சமயமும் சுல்தான்களும் காக்கப்பட வேண்டும் என்றார்கள் அம்னோவினர். கூட்டணிக்குள்ளேயே பேரம் பேசி முடித்தார்கள். அதன்படி, சுதந்திர தினமான 1957 ஆகஸ்டு 31 முதல் சமஷ்டியில் பிறக்கும் குழந்தை எதுவானாலும் பிரஜை. முன்பே அங்கே பிறந்தவர் ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் வசித்திருந்தாலும், வெளியே பிறந்தவர் பன்னிரண்டில் எட்டு ஆண்டுகள் வசித்திருந்தாலும், மனுச் செய்து பதிவு பெறலாம். மலாய் மொழிப் பரீட்சை ஓராண்டுக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. மனுச் செய்பவர் ஒன்றை மட்டும் செய்தாக வேண்டும்: போய்ப் பதிய வேண்டும். பலர் பதிந்தார்கள். 1959-ல் நடந்த அடுத்த தேர்தலில் வாக்காளர் தொகை 21 லட்சத்துக்கு உயர்ந்தது. மலாய்க்காரர் பங்கு நூற்றுக்கு 57 என இறங்கியது. கூட்டணியும் 104-ல் 74 ஸ்தானங்களே பெற்றது. நான்கே ஆண்டுகளில் ஜாபிதா நாட்டின் உருவத்தை ஒட்டி வந்துவிட்டது.

ஆனால் தோட்டங்களின் கோடியில் இருந்த எல்லாரும் பதியவில்லை. பிறப்புச் சான்று இல்லாதவர் உண்டு. ஒரு நாள் கூலி போய்விடும் என்று தள்ளிப்போட்டவர் உண்டு. ஊருக்குத்தான் போகப் போகிறோமே என்று இருந்தவரும் உண்டு. அவர்கள் கையில் இருந்தது பிரஜை அல்லாதவருக்கு உரிய சிவப்பு அடையாள அட்டை. அதனால் அன்றாட வாழ்வில் உடனடியாக எந்தத் தொல்லையும் நேரவில்லை. பால் வெட்டினார்கள், சம்பளம் வாங்கினார்கள். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது சம்பந்தன் 1960-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கித் தோட்டங்களை வாங்கத் தொடங்கினார். பத்து வெள்ளி கொடுக்க முடிந்தவர்களுக்கு அது உதவிற்று. அட்டையின் நிறத்தை அதனால் மாற்ற இயலவில்லை.

1968-ல் மலேசியப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. குறிப்பிட்ட தொழில்களில் பிரஜை அல்லாதவர் வேலை செய்ய வேண்டுமானால் உத்தரவுச் சீட்டு பெற வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு, மே மாதக் கலவரங்களுக்குப் பிறகு, அது கண்டிப்பாக அமுலுக்கு வந்தது. முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு உழைத்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் சீட்டுக் கிடைக்காமல் வேலை இழந்து, கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்கு இங்கே காணியும் இல்லை. அடையாளம் சொல்ல உறவும் எஞ்சியிருக்கவில்லை. ஒரே லயத்தில், 1957 ஆகஸ்டு 31-க்குப் பின் பிறந்த பேரக் குழந்தை மலேசியப் பிரஜையாக அங்கே தங்கிற்று. அதனைத் தோளில் தூக்கி வளர்த்த பாட்டனார் சிவப்பு அட்டையோடு துறைமுகத்துக்குப் போனார்.